ரோமானிய நாணயங்களில் ஆட்சியாளர் முகம் எப்போது வந்தது, ஏன்?

ரோமக் குடியரசில் உயிரோடு இருப்பவரின் முகத்தை நாணயத்தில் போடும் வழக்கம் இல்லை. தெய்வங்கள் இருக்கும்; நாணயம் அடிக்கும் பொறுப்பில் இருந்த இளம் அதிகாரிகள் தங்கள் முன்னோர்களையும் நுழைத்துக்கொள்வார்கள். கி.மு. 44-இல் ஜூலியஸ் சீசர் அதை உடைத்தார். ரோமில் அடித்த தினாரியஸ் என்ற வெள்ளி நாணயத்தில் அவருடைய முகமே வந்தது. அவர் அரசனாக ஆக முயல்கிறார் என்ற சந்தேகம் ஏற்கெனவே இருந்தது, இது அதற்கு எண்ணெய் ஊற்றியது.

அதே ஆண்டு மார்ச் 15-இல் அவரைக் கொன்றார்கள். இனிதான் வேடிக்கை. கொன்றவர்களில் ஒருவரான புரூட்டஸ், தன் படையோடு கிழக்கே இருந்தபோது ஒரு நாணயம் அடித்தார். ஒரு பக்கம் இரண்டு குத்துவாள்கள், நடுவே விடுதலையான அடிமை அணியும் தொப்பி, கீழே அந்தத் தேதி. 'கொலை செய்தோம், விடுதலை தந்தோம்' என்று படம் போட்டே சொல்லிவிட்டார். சரி, மறுபக்கம்? புரூட்டஸின் சொந்த முகம்! சீசர் செய்ததைத்தானே இவரும் செய்தார்? படைவீரர்களுக்குச் சம்பளம் கொடுக்கிற காசில் யார் கொடுக்கிறார் என்பது தெரிய வேண்டுமே.

அப்புறம் முதல் ரோமப் பேரரசர் அகஸ்டஸ், எகிப்தை வென்ற செய்தியைச் சொல்ல நாணயத்தில் ஒரு முதலையைப் பொறித்தார். முகத்தைப் போடுவது போலவே அழிப்பதும் அரசியல்தான்: கி.பி. 211-இல் பேரரசர் கராகல்லா, தன்னோடு சேர்ந்து ஆண்ட தம்பி கெட்டாவைக் கொன்ற பிறகு, ஆசியா மைனரின் (இன்றைய துருக்கிப் பகுதி) சில நகரங்களில் இருவரும் சேர்ந்திருந்த நாணயங்களில் தம்பியின் முகத்தை மட்டும் செதுக்கி எடுத்தார்கள்.