ராஜா வேஷமும் அதே முகத்துக்குத்தான்

கேள்வி: ‘தி நைட் அவுல்’ என்ற கொரியப் படம் பார்த்தேன். யூ ஹே-ஜின் ராஜாவாக வந்து உட்கார்ந்ததுமே எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ‘தி பைரேட்ஸ்’, ‘லக்-கீ’ படங்களில் வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தவர் அவர். அந்த மனுஷனுக்கு எதற்கு இந்த வேலை? காமெடியில் சரக்கு தீர்ந்துவிட்டதா?

- ஒரு வாசகர், திருப்பூர்

பதில்: வந்து உட்கார்ந்ததும் சிரித்தீர்கள், சரி. சீனாவின் சிங் வம்ச அரசிடம் எட்டு வருடம் பணயக்கைதியாக இருந்துவிட்டுத் திரும்பிய சொந்த மகனைக் கண்டே அந்த ராஜா மிரள்கிறாரே, முகம் ஒரு பக்கமாக இழுத்துத் துடிக்கிறதே, அப்போதும் சிரித்தீர்களா? சிரித்திருக்க மாட்டீர்கள். சிரித்திருந்தால் அதையும் கேள்வியில் எழுதியிருப்பீர்கள். முதல் நிமிடத்தில் வந்த சிரிப்பு பழைய படங்களின் ஞாபகத்தில் வந்தது. அதற்கு அவர் பொறுப்பாக முடியாது.

உங்கள் மேல் எனக்குக் கோபமில்லை. ஆனால், சிரிக்க வைக்கிறவன் அதை மட்டும் செய்துவிட்டுப் போக வேண்டும் என்கிற நினைப்பு உங்கள் கேள்விக்குள் இருக்கிறது. அதன் மேல் கோபம் உண்டு. யூ ஹே-ஜின் விஷயத்தில் அது சுத்தமாகத் தப்பு.

ஆள் 1970-ல் சொங்ஜுவில் பிறந்தவர். கொரியத் தலைநகர் சோலில் உள்ள கலைக் கல்லூரியில் நாடகம் படித்துவிட்டு, ஓ தே-சொக் நடத்திய ‘மொக்வா’ நாடகக் குழுவில் மேடையேறியவர். சினிமாவுக்கு வந்தது 1997-ல், ஒரு துண்டு வேஷத்தில். அழகான நாயகர்களுக்குப் பஞ்சமே இல்லாத அந்த ஊர் சினிமாவில் இந்த முகத்துக்கு ஒதுக்கப்பட்டது அடியாள், ரவுடி, அல்லக்கை வேஷங்கள்தான். 2002-ல் வந்த ‘பப்ளிக் எனிமி’யில் கத்தி வீச்சில் கைதேர்ந்த ரவுடி. கொலை எப்படி நடந்திருக்கும் என்று போலீஸ்காரருக்கே பாடம் எடுப்பான். கொஞ்ச நேரமே வந்தாலும், படம் முடிந்த பிறகு அந்த ஆள் மனதில் நிற்பான். ‘தாஜா’வில் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே சீட்டாடுகிற சூதாடி. அந்தப் பேச்சும் அவனுக்கு ஆட்டத்தில் ஒரு துருப்பு.

இந்த ஆட்களை உற்றுப் பாருங்கள். ஒருத்தன்கூடச் சிரிக்க வைக்க முயற்சி செய்ய மாட்டான். அவனவன் வேலையில் அவனவன் மும்முரமாக இருப்பான். சிரிப்பு நமக்கு வரும், அவனுக்குத் தெரியாது.

நீங்களே சொன்ன ‘தி பைரேட்ஸ்’ (2014) படத்தை எடுத்துக்கொள்வோம். கடல் கொள்ளைக்காரன், ஆனால் கப்பல் ஏறினால் குமட்டல். பிழைக்க வழியில்லாமல் மலைக் கொள்ளையர் கூட்டத்தில் போய் ஒட்டிக்கொள்கிறான். அவர்கள் கடலையே பார்த்திராதவர்கள், திமிங்கிலம் பிடிக்கக் கிளம்பி நிற்கிறார்கள். திமிங்கிலம் எவ்வளவு பெரிசு என்று இவன் சொல்லச் சொல்ல, புளுகாதே என்கிறார்கள். பிறகு நீச்சல் பாடம். தண்ணீருக்குள் தலை இருக்கும்போது வாயை மூடி ‘உம்’, பக்கவாட்டில் தலையைத் திருப்பியதும் ‘பா’. தரையில் நின்றபடி கைகளைச் சுழற்றி உம்-பா, உம்-பா என்று மூச்சு வாங்கச் செய்து காட்டுகிறான். அந்த இடத்தில் அவருடைய கண்ணைப் பாருங்கள். ‘பார்த்தாயா, எப்படி?’ என்று நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிற நடிகன் அங்கே இல்லை. தெரிந்த ஒரே விஷயத்தை யாரும் நம்பவில்லையே என்று தவிக்கிற ஒருத்தன்தான் இருக்கிறான். அந்தத் தவிப்பை எடுத்துவிட்டால் காட்சியில் சிரிக்க ஒன்றுமே மிஞ்சாது. அந்த வேஷத்துக்குக் கொரியாவின் கிராண்ட் பெல், பெக்சாங் இரண்டிலுமே சிறந்த துணை நடிகர் விருது கொடுத்தார்கள்.

‘லக்-கீ’யும் (2016) அப்படித்தான். வாடகைக் கொலைகாரன் குளியல் கூடத்தில் சோப்பு வழுக்கி விழுந்து நினைவை இழக்கிறான். துணி வைத்த அலமாரியின் சாவி மாறிப்போய், தன்னை வாய்ப்பில்லாத ஒரு துணை நடிகன் என்று நம்பிவிடுகிறான். வயது 32 என்று அவன் தலையில் கட்டுகிறார்கள், யூ ஹே-ஜினுக்கு அப்போது 46! அந்தக் கொலைகாரன் சின்ன உணவுக் கடையில் வேலைக்குச் சேர்ந்து, கத்தி எடுத்துக் காய் நறுக்கும்போது முகத்தில் தெரிகிற கவனத்தைக் கவனித்தீர்களா? தனக்கு ஏன் இது இவ்வளவு நன்றாக வருகிறது என்று அவனுக்கே ஆச்சரியம். ஜப்பானியப் படம் ஒன்றின் மறு ஆக்கம் அது. முதுகில் தாங்கப் பெரிய நட்சத்திரம் யாரும் இல்லாமல், இவரை நம்பியே சுமார் 70 லட்சம் பேர் தியேட்டருக்கு வந்தார்கள். துணை நடிகர் என்ற வார்த்தையை அத்தோடு விட்டுவிட வேண்டும்.

அடுத்த வருடமே இரண்டு படங்கள். ‘எ டாக்ஸி டிரைவர்’, ராணுவ ஆட்சியை எதிர்த்து 1980-ல் குவாங்ஜு நகர மக்கள் நடத்திய எழுச்சியைப் பற்றியது. அதில் உள்ளூர் டாக்ஸிக்காரர் இவர். ஊரே குண்டடி பட்டுக் கிடக்கிற நேரத்தில், சோலிலிருந்து வந்த டிரைவரையும் ஜெர்மன் நிருபரையும் வீட்டுக்கு அழைத்துப் போய்ச் சோறு போடுகிறார். தொட்டுக்கொள்ள வகை வகையாக இல்லையே என்று கூச்சப்படுகிறார். அந்தக் கூச்சத்தில் எனக்குச் சிரிப்பும் வந்தது, தொண்டையும் அடைத்தது. ‘1987’ படத்தில் சிறையிலிருந்து ரகசியக் கடிதங்களை வெளியே கடத்துகிற காவலர். பிடிபட்டுச் சித்திரவதைப்படுகிற காட்சியில் இருப்பதும் நீங்கள் சிரித்த அதே முகம்தான். ‘வெட்டரன்’ படத்தில், பணக்கார வீட்டுப் பிள்ளையின் பாவங்களைத் துடைத்துப் போடுகிற அதிகாரியாக வந்தபோது அதே முகத்தைக் கண்டால் அருவருப்பாக இருந்தது. ‘மால்-மோ-ஈ’யில் (2019) எழுதப் படிக்கத் தெரியாதவன், நடுவயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு தெருவில் கடைப் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே போவான். ‘எக்ஸ்யூமா’வில் (2024) பிணங்களை அடக்கம் செய்கிற தொழில்காரர். பேயும் பிணமுமாக இருக்கிற அந்தப் படத்தில் நம்மைத் தரையில் நிற்க வைக்கிற ஆளே இவர்தான். ஒரு கோடிப் பேருக்கு மேல் பார்த்த கொரியப் படங்களில், ‘எக்ஸ்யூமா’ வரைக்குமே நான்கில் இவர் இருக்கிறார். நாட்டின் மக்கள்தொகையே ஐந்து கோடிச் சொச்சம்தான்.

இப்போது ராஜா விஷயத்துக்கு வருகிறேன். 2005-ல் வந்த ‘தி கிங் அண்ட் தி கிளவுன்’ படத்தில் இவர் தெருக்கூத்தாடி, யுக்-கப். அரண்மனையில் ராஜாவின் முன்னாலேயே ராஜாவைக் கிண்டல் செய்து ஆட வேண்டும், ராஜா சிரிக்காவிட்டால் தலை போகும். பயத்தில் நாக்கு ஒட்டிக்கொண்ட கூத்தாடியாக அங்கே நின்றவர், 17 வருடம் கழித்து ‘தி நைட் அவுல்’ படத்தில் சிம்மாசனத்தில் உட்கார்ந்திருக்கிறார். அவரை உட்கார வைத்த இயக்குநர் ஆன் தே-ஜின், அந்தப் பழைய படத்தில் உதவி இயக்குநர். யுக்-கப்பைப் பக்கத்தில் நின்று பார்த்தவர், இந்த நடிகருக்குள் பயத்தை எவ்வளவு தூரம் தோண்டலாம் என்று தெரிந்தவர். ‘தி நைட் அவுல்’ படத்தில் இவர் நடிக்கிற இன்ஜோ ராஜாவுக்கும் முழு நேரத் தொழில் பயப்படுவதுதான். எதிரிக்கு முன்னால் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்த ராஜா அவர், அது வரலாறு. கம்பீரமான முகமுள்ள நடிகரைப் போட்டிருந்தால் அந்த அவமானம் வெறும் வசனமாகப் போயிருக்கும். இவருடைய முகத்தில் அது உள்ளேயே அழுகிக் கிடக்கிறது.

சரக்கு தீர்ந்துவிட்டதா என்று கேட்டீர்களே, ராஜா வேஷத்துக்கு அடுத்த வருடம் வந்த ‘ஹனி ஸ்வீட்’ பாருங்கள். நொறுக்குத்தீனி கம்பெனியில் ஆராய்ச்சியாளர். கடிகாரம் பார்த்து வாழ்கிற, காதல் என்றால் என்னவென்று தெரியாத மனிதர், தனியாக மகளை வளர்க்கிற ஒரு பெண்ணிடம் மனதைக் கொடுத்துவிட்டுத் திண்டாடுகிறார். 53 வயதில் காதல் நாயகன். வயிறு வலிக்கும், உத்தரவாதம்.