கேட்டதும் சொன்னதும்: கண்ணுக்குப் பின்னால் இருக்கும் ஆய்வு

போன இதழில் கண்புரை பற்றி எழுதியதற்கு வந்த கடிதங்கள் மேசையில் குவிந்துவிட்டன. அறுவை சிகிச்சையை விட அதைச் சுற்றியுள்ள எஞ்சினியரிங், கம்ப்யூட்டர், குப்பை, செலவு என்றுதான் அதிகம் பேர் கேட்டிருக்கிறீர்கள். அவற்றில் சில இங்கே.

பி.இ. இறுதியாண்டு படிக்கிறேன். கிராமத்துச் சுகாதார மையங்களை இணைக்கும் நெட்வொர்க்கைப் புராஜெக்டாக எடுக்கலாம் என்றேன். "அது வெறும் அப்ளிகேஷன், இதில் ரிசர்ச் எங்கே இருக்கிறது?" என்கிறார் எங்கள் கைடு. என்ன பதில் சொல்வது? (மாணவி, போடி)

பதில் உங்கள் மாவட்டத்திலேயே இருக்கிறதே அம்மா! தேனி அரவிந்த் கண் மருத்துவமனையையும் சுற்றுவட்டாரக் கண் பார்வை மையங்களையும் வை-பை மூலம் இணைத்த கதையை உங்கள் கைடிடம் சொல்லுங்கள். 2005 வாக்கில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்திலிருந்து எரிக் புரூவர் என்ற கம்ப்யூட்டர் பேராசிரியரின் குழு இதில் இறங்கியது. மையத்தில் டாக்டர் இருக்க மாட்டார், பயிற்சி பெற்ற பெண் ஊழியர் இருப்பார். அவர் நோயாளியின் கண்ணைப் பரிசோதித்துவிட்டு வெப்கேமில் தேனி டாக்டரோடு பேசவைப்பார். அதற்கு வீடியோ தடைபடாமல் போக வேண்டும், அன்றைக்கு அந்தப் பக்கம் பிராட்பேண்ட் என்பதே அபூர்வம்.

வீட்டுக்குள் ஓடும் வை-பையை எடுத்து டவரில் ஆன்டெனா மாட்டி 15 கிலோமீட்டருக்கு அனுப்பினால் என்ன ஆகும் தெரியுமா? அனுப்பும் ஒவ்வொரு தகவல் துண்டுக்கும் (பாக்கெட்) "வந்து சேர்ந்தது" என்று எதிர்முனை சொல்வதற்காக வை-பை காத்திருக்கும், ஆனால் காத்திருக்கும் நேரம் மிகக் குறைவு. தூரம் கூடினால் அந்தப் பதில் தாமதமாகும், தொலைந்துவிட்டது என்று நினைத்துத் திரும்ப அனுப்பும், இப்படியே அனுப்பி அனுப்பி லைன் அடைத்துக்கொள்ளும். ஒரே டவரில் இரண்டு மூன்று ஆன்டெனா இருந்தால் ஒன்றின் பேச்சு இன்னொன்றைக் கெடுக்கும். இந்தக் குழு மலிவான சாதாரண வை-பை கார்டுகளையே வைத்துக்கொண்டு, உள்ளே ஓடும் மென்பொருளை மட்டும் மாற்றி, இந்த நேரத்தில் இவர் பேசுவார் அந்த நேரத்தில் அவர் பேசுவார் என்று முறை வைத்துக் கொடுத்தது. 2007ல் கட்டுரை வந்தது. உங்கள் கைடு கேட்கும் ரிசர்ச் இதுதான் என்று அவரே ஒப்புக்கொள்வார்.

எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த வருடம் வந்த இன்னொரு கட்டுரை. நெட்வொர்க்கை ஓட்டிப் பார்த்தபோது என்னென்ன பழுதானது என்று பட்டியல் போட்டிருந்தார்கள். பெரிய எதிரி வயர்லெஸ் இல்லை, கரண்ட்! ஏறி இறங்கும் வோல்டேஜில் ரவுட்டர் போர்டுகள் போயின, அடாப்டர்கள் போயின, மெமரி கார்டுகள் கெட்டுப்போயின. மின்சாரம் முழுசாக நின்றுபோவதை விட, வோல்டேஜ் குறைந்து பாதி உயிரோடு இழுத்துக்கொண்டிருப்பதுதான் மோசம், கருவி தானாக அணைந்து மறுபடி எழவும் முடியாமல் தொங்கிவிடும். அதனால் வோல்டேஜ் ஒரு அளவுக்குக் கீழே போனால் இணைப்பைத் துண்டித்துவிடும் சர்க்யூட்டோடு மலிவான சோலார் கன்ட்ரோலர் ஒன்றை அவர்களே செய்தார்கள். அடுத்தது ஆட்கள். "நெட் வரவில்லை" என்று மையத்திலிருந்து போன் வந்தால் அது கேபிளா, கரண்டா, ஆன்டெனா திரும்பிக்கொண்டதா என்று யார் பார்ப்பது? பெர்க்லியிலிருந்து ஆள் வருமா? மருத்துவமனை ஊழியர்களுக்கே கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்லிக்கொடுத்து, தவறு எங்கே என்று தெரியும்படி எளிய கருவிகளை எழுதிக்கொடுத்து, கடைசியில் பொறுப்பை அவர்களிடமே விட்டுவிட்டு வெளியே வந்தார்கள்.

ஆகவே புராஜெக்டை எடுங்கள். ஆனால் டெமோ நாளன்று ஓடினால் போதும் என்று நிறுத்தாதீர்கள், ஆறு மாதம் ஓடவிட்டு எது எது எப்போது ஏன் நின்றது என்று எழுதிவையுங்கள். ரிசர்ச் எங்கே என்று கேட்டால் அந்த நோட்டை நீட்டலாம்.

கண்புரை ஆபரேஷனுக்கு மூன்று விலையில் லென்ஸ் சொல்கிறார்கள். உள்நாட்டு லென்ஸ் மட்டமா? (ஓய்வு பெற்ற ஆசிரியர், தேவகோட்டை)

லென்ஸ் பிறந்த கதையே ஒரு விபத்துதான் சார். இரண்டாம் உலகப்போரில் குண்டு பட்டு உடைந்த விமானக் கூரையின் பெர்ஸ்பெக்ஸ் என்ற பிளாஸ்டிக் சில்லுகள் பைலட்டுகளின் கண்ணுக்குள் போயின. கண் அதை விரட்டவில்லை, வீங்கவில்லை, சும்மா இருந்தது. இதைக் கவனித்த ஹரால்டு ரிட்லி என்ற லண்டன் டாக்டர் 1949ல் அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து கண்ணுக்குள் வைத்தார். புரையை எடுக்கும் டாக்டர் கண்ணுக்குள் ஒரு பொருளை வைப்பதா என்று சக டாக்டர்கள் பல வருடம் திட்டினார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புதல் தந்ததே 1981ல்தான். பிற்காலத்தில் ரிட்லியும் தன் கண்களில் லென்ஸ் வைத்துக்கொண்டார், அதை விட நல்ல சான்றிதழ் வேறென்ன?

நம் ஊரில் லென்ஸ் இறக்குமதி விலைக்கு ஏழைகள் கிட்டே போக முடியாது. புரையை எடுத்துவிட்டு சோடாபுட்டிக் கண்ணாடி கொடுத்து அனுப்புவார்கள், அது உடைந்தால் மறுபடி பார்வை இல்லை. 1992ல் மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையின் அங்கமாக ஆரோலேப் என்ற லென்ஸ் தயாரிப்பு நிறுவனம் தொடங்கி, பத்து டாலர் அளவில் லென்ஸ் தரத் தொடங்கியதும்தான் இலவச நோயாளிக்கும் லென்ஸ் என்பது நடைமுறைக்கு வந்தது. இன்றைக்கு அங்கிருந்து பல நாடுகளுக்கு லென்ஸ் போகிறது. உள்நாடு என்பதற்காக மட்டம் என்று நினைக்க வேண்டாம்.

விலை வித்தியாசம் பெரும்பாலும் வகையைப் பொறுத்தது. மடங்காத லென்ஸுக்குக் கொஞ்சம் பெரிய கீறல் வேண்டும், மடங்கும் லென்ஸ் மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவான துளையில் உள்ளே போய் விரியும். தூரத்துக்கு மட்டும் பவர் வைத்தால் படிக்கக் கண்ணாடி போட வேண்டிவரும். தூரம், கிட்டம் இரண்டுக்கும் பவர் உள்ள மல்டிஃபோகல் என்றால் அந்தத் தொல்லை குறையும், ஆனால் வெளிச்சத்தைப் பிரிப்பதால் சிலருக்கு இரவில் விளக்கைச் சுற்றி வளையம் தெரியும். ராத்திரி வண்டி ஓட்டுகிறவரா, நாள் முழுக்க வாசிப்பவரா என்று டாக்டரிடம் சொல்லிவிட்டு அப்புறம் விலையைப் பேசுங்கள். லென்ஸ் பவரை எப்படி அளந்தார்கள் என்பதையும் கேளுங்கள், அளவு தப்பினால் எவ்வளவு விலை உயர்ந்த லென்ஸும் உதவாது.

ஒரே தியேட்டரில் இரண்டு டேபிள் போட்டு மாறி மாறி ஆபரேஷன் செய்கிறார்களாம். மனுஷனைப் பார்க்கிறார்களா, தொழிற்சாலை நடத்துகிறார்களா? (வாசகி, சாத்தூர்)

தொழிற்சாலைதான், அதில் ஒளிவுமறைவே கிடையாது. டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976ல் அரசுப் பணியில் ஓய்வு பெற்றபின் மதுரையில் அரவிந்தை 11 படுக்கையோடு தொடங்கியபோதே, எல்லா ஊரிலும் ஒரே தரத்தில் ஒரே வேகத்தில் பண்டம் தரும் மெக்டொனால்ட்ஸ் கடையைத்தான் முன்மாதிரியாகச் சொல்வார். டாக்டரின் நேரம் அறுவைக்கு மட்டும், நோயாளியைத் தயார் செய்வது, சுத்தம் செய்வது, கட்டுப் போடுவது எல்லாம் பயிற்சி பெற்ற கிராமத்துப் பெண்கள் கையில்.

வேகம் வந்தால் தரம் குறையுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. அதற்கு எண்ணித்தான் பதில் சொல்ல முடியும். ஆபரேஷன் முடியும்போது மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற ஆன்டிபயாடிக்கைக் கண்ணுக்குள்ளேயே செலுத்தினால் உள்தொற்று குறைகிறதா என்று அரவிந்தில் நடந்த ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளை வைத்துப் பார்த்து 2017ல் வெளியிட்டார்கள். மருந்து இல்லாதபோது பத்தாயிரத்துக்கு 7 பேர், மருந்து கொடுத்தபின் 2 பேர். இவ்வளவு அரிதாக வரும் தொற்றை ஆயிரம் நோயாளிகளை வைத்து ஆராயவே முடியாது. அந்தக் கூட்டமும், ஒவ்வொரு கேஸையும் விடாமல் பதிவு செய்யும் பழக்கமும் இருந்ததால்தான் முடிந்தது. சரி, இது முன்னால் பின்னால் என்று ஒப்பிட்ட ஆய்வு, குலுக்கல் முறையில் நோயாளிகளைப் பிரித்தது இல்லை, அதனால் முழு மார்க் போட மாட்டேன். ஆனாலும் பத்தாயிரத்தில் ஏழு என்பதே மோசமான கணக்கு இல்லையே.

இன்னொன்று. ஒலி அலையால் புரையை உடைத்து உறிஞ்சும் விலை உயர்ந்த ஃபேகோ மெஷினும், தையல் போடாமல் கையால் செய்யும் சிறு கீறல் முறையும் ஒன்றுக்கொன்று சளைத்ததில்லை என்று நேபாளத்தில் 108 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்துப் பார்த்தே காட்டினார்கள். ஆறு மாதம் கழித்து இரண்டு பக்கமும் 98 சதவீதம் பேருக்கு நல்ல பார்வை, கையால் செய்வதற்கு நேரம் குறைவு, செலவும் குறைவு.

மருத்துவமனை என்றாலே குப்பை. ஒரு தடவை உபயோகித்துத் தூக்கிப் போடுவதுதானே பாதுகாப்பு? சுற்றுச்சூழல் பேச்செல்லாம் அங்கே எடுபடுமா? (வாசகர், கோவில்பட்டி)

எடுபடும் என்பதற்கு அளந்த கணக்கே உண்டு, அதுவும் நம் பக்கத்துக் கணக்கு. கசாண்ட்ரா தீல் என்ற அமெரிக்க ஆய்வாளர் அரவிந்தில் குப்பையை எடை போட்டு, கரண்ட், துணி வெளுப்பது, கருவி கொதிக்கவைப்பது எல்லாவற்றையும் கணக்கில் சேர்த்தார். ஒரு ஃபேகோ அறுவைக்குக் கால் கிலோ குப்பை, அதனால் வெளியாகும் வெப்பவாயுக்களைக் கார்பன் டை ஆக்சைடாகக் கணக்கிட்டால் சுமார் 6 கிலோ. பிரிட்டனில் அதே அறுவைக்கு ஆகும் அளவில் இது கிட்டத்தட்ட 5 சதவீதம்தான். பார்வை கிடைப்பதில் பெரிய வித்தியாசம் இல்லை.

இதில் மந்திரம் எதுவும் கிடையாது. கவுன், விரிப்பு எல்லாம் துணி, துவைத்து மறுபடி எடுப்பார்கள். கருவிகளைக் குறுகிய நேரச் சுழற்சியில் ஸ்டெரிலைஸ் செய்து அடுத்த ஆளுக்குத் தயாராக்குவார்கள். ஒரு பாட்டில் சொட்டு மருந்து பல பேருக்குப் பயன்படும். அமெரிக்காவில் பல இடங்களில் இதே பாட்டிலில் ஒரு சொட்டு எடுத்துவிட்டு மிச்சத்தைக் கொட்ட வேண்டியிருக்கிறது. அங்கே நான்கு இடங்களில் பார்த்தபோது கண்புரை அறுவைக்குத் திறந்த மருந்தில் சுமார் 45 சதவீதம் வீணானது. அதைக் கொட்டச் சொல்வது விதிமுறை, தொற்று பயம். அந்தப் பயத்துக்கு ஆதாரம் எவ்வளவு என்று கேட்டால், மேலே சாத்தூர் வாசகிக்குச் சொன்ன பத்தாயிரத்துக்கு இரண்டைக் காட்டுகிறேன். எல்லாவற்றையும் திரும்ப உபயோகியுங்கள் என்று நான் சொல்லவில்லை. ஊசியும் சிரிஞ்சும் தூக்கிப் போட வேண்டியவைதான். எது தேவை, எது பழக்கம் என்று ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம், இதையெல்லாம் அரவிந்தில் சுற்றுச்சூழலுக்காகச் செய்யவில்லை. காசு மிச்சம் பிடிக்கச் செய்தார்கள், கார்பன் கணக்கு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது.

இனிமேல் ஏ.ஐ. விழித்திரையைப் பார்த்துவிடுமாமே, கண் டாக்டர் எதற்கு? (வாசகர், சேலம்)

சர்க்கரை நோயால் விழித்திரை கெடுவதைப் படத்தைப் பார்த்துச் சொல்லும் மென்பொருள் பற்றிய கட்டுரையை கூகுள் 2016ல் வெளியிட்டது. 1,28,175 படங்களை டாக்டர்கள் தரம் பிரித்துக் கொடுக்க, அதிலிருந்து மென்பொருள் கற்றுக்கொண்டது. படங்களில் அரவிந்திலிருந்தும் சென்னை சங்கர நேத்ராலயா கண் மருத்துவமனையிலிருந்தும் போனவையும் உண்டு. ஒரு சோதனைப் படத் தொகுப்பில் 97 சதவீதத்துக்கு மேல் நோயைப் பிடித்தது. பிறகு அந்த இரண்டு மருத்துவமனைகளிலும் 3,049 நோயாளிகளிடம் நேராகப் பார்த்தபோது முறையே 88.9, 92.1 சதவீதம். மோசமில்லை, டாக்டர்களுக்கு இணைதான். ஆனால் 97 இல்லை.

தாய்லாந்தில் 11 கிளினிக்குகளிலும் கூகுளின் மென்பொருளை வைத்துப் பார்த்தார்கள். அங்கே ஐந்தில் ஒரு படத்தை மென்பொருள் ஏற்கவே மறுத்தது. அறையை இருட்டாக்க முடியாத இடத்தில் நர்ஸ் எடுத்த படம் தெளிவில்லை என்று தள்ளிவிட்டது. இன்டர்நெட் மெதுவானபோது வரிசை நின்றது. படம் தேறாதவர்களை வேறு மருத்துவமனைக்குப் போகச் சொன்னார்கள், அதற்கு ஒரு நாள் கூலி போகும். கணிதத்தில் குறை இல்லை, ஜன்னலுக்குத் திரை இல்லை. டாக்டர் எதற்கு என்று கேட்டீர்கள். நோய் என்று மெஷின் சொன்னபின் லேசர் வைப்பது யார்?

மகன் பயோமெடிக்கல் எஞ்சினியரிங் முடித்துவிட்டு ஐ.டி.க்குப் போகட்டுமா என்கிறான். (தாய், விருதுநகர்)

ஐ.டி. போவதில் தப்பில்லை. ஆனால் எத்தனையோ மருத்துவமனைகளில் நல்ல கருவிகள் சரிசெய்ய ஆள் இல்லாமல் துணி போர்த்திக் கிடக்கின்றன. கண் மருத்துவக் கருவிகளைப் பராமரிக்க அரவிந்தில் தனியாகப் பயிற்சியே நடத்துகிறார்கள், வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து படிக்கிறார்கள். ஐ.டி. கடிதம் வருவதற்குள் அவனை அங்கே ஒருமுறை விசாரிக்கச் சொல்லுங்கள்.