மலையைப் பிடித்து வைத்திருக்கும் பனி

பனியாறு, நிலச்சரிவு, பருவநிலை மாற்றம் ஆகியவை குறித்து வாசகர்களிடமிருந்து வந்த கேள்விகளில் ஐந்துக்கு இங்கே பதில் தருகிறோம்.

கேள்வி: செய்தித்தாள்களில் ‘பனிப்பாறை’ என்று எழுதுகிறார்கள், நீங்கள் ‘பனியாறு’ என்கிறீர்கள். இரண்டும் ஒன்றா? கல்லைவிட மென்மையான பனி மலையை எப்படிக் குடைய முடியும்? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: ‘பாறை’ என்றதும் அசையாமல் கிடக்கும் ஒன்றே நம் மனத்தில் தோன்றும். கடலில் மிதக்கும் பனிக்கட்டிகளுக்கும் அதே பெயர் வழங்குவதால் குழப்பம் கூடுகிறது. மலைமேல் ஆண்டாண்டாகப் பெய்த பனி தன் கனத்தாலேயே இறுகிக் கட்டியாகி, அதே கனத்தால் சரிவில் மெல்ல இறங்கிவருகிறது. கங்கோத்ரியில் இப்படி இறங்கிவரும் பனியின் நீளம் ஏறத்தாழ 30 கிலோமீட்டர். ஓடுவது எதுவோ அது ஆறு. ஆகவே பனியாறு என்பதே பொருத்தமான பெயர் என்று கருதுகிறேன்.

வெறும் பனி மட்டும் நகர்ந்தால் பாறையில் பெரிதாக ஒன்றும் நேராது. உருகிய நீர் அடிப்பாறையின் வெடிப்புகளில் இறங்கி மீண்டும் உறையும்போது, பாறைத் துண்டுகளைப் பெயர்த்துப் பனியோடு சேர்த்துக் கட்டிவிடுகிறது. மேலே உள்ள பனியின் பாரம் அழுத்த, அந்தக் கற்கள் அம்மிமேல் இழுபடும் குழவியைப் போலப் பள்ளத்தாக்கின் தரையை அரைத்துக்கொண்டே நகர்கின்றன. கங்கோத்ரிப் பனியாறு முடியும் இடமான கோமுகத்திலிருந்து வெளிவரும் பாகீரதியின் நீர் சாம்பல் படிந்து கலங்கியிருப்பதற்கு இவ்வாறு அரைபட்ட கல்லின் மாவு ஒரு காரணம். ஆறு அறுத்த பள்ளத்தாக்கு அடிநோக்கிக் குறுகிக்கொண்டே போகும். பனியாறு குடைந்த பள்ளத்தாக்கோ அகன்ற தரையும் செங்குத்தான சுவர்களுமாக, நம் ‘ப’ எழுத்தைப் போல இருக்கும். நார்வேயிலும் கிரீன்லாந்திலும் இத்தகைய பள்ளத்தாக்குகளுக்குள் கடல் புகுந்து நிற்பதையே ஃபியோர்டு என்கிறோம். பனி விலகிய பிறகு தாங்குவாரின்றி நிற்கும் அந்தச் சுவர்களைப் பற்றியவைதான் இனி வரும் கேள்விகளில் பெரும்பாலானவை.

கேள்வி: 2021 பிப்ரவரியில் உத்தராகண்டின் சமோலி மாவட்டத்தில் மழையே இல்லாமல் வெள்ளம் வந்தது எப்படி? (வாசகர், கும்பகோணம்)

பதில்: பிப்ரவரி 7, ஞாயிற்றுக்கிழமை காலை. மழைக்காலமும் அல்ல, பனி மிகுதியாக உருகும் கோடையும் அல்ல. எனவே மலைமேல் ஏதோ ஒரு பனியேரி (பனியாறு உருகிய நீர் தேங்கி நிற்கும் ஏரி) உடைந்திருக்க வேண்டும் என்றே முதலில் பலரும் எண்ணினார்கள். செயற்கைக்கோள் படங்களைப் பார்த்தபோது அந்த எண்ணம் தவறு என்று தெரிந்தது. கடல்மட்டத்திலிருந்து சுமார் 5,500 மீட்டர் உயரத்தில், ரோந்தி சிகரத்தின் வடக்கு முகத்திலிருந்து மலையின் ஒரு பகுதியே பெயர்ந்து விழுந்திருந்தது. அதன் அளவு ஏறத்தாழ 2.7 கோடி கனமீட்டர். அதில் ஐந்தில் நான்கு பங்கு பாறை, ஒரு பங்கு பனிக்கட்டி.

தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதே இதில் வியப்புக்குரியது. அத்தனை பாறையும் 1,800 மீட்டருக்கு மேல் கீழிறங்கியபோது உராய்வில் எழுந்த வெப்பம், உடன் விழுந்த பனிக்கட்டியை ஏறக்குறைய முழுவதுமாக உருக்கிவிட்டது. கல்லும் சேறும் நீரும் கலந்த அந்தப் பெருக்கு ரிஷிகங்கையில் இறங்கி, அங்கிருந்த சிறு மின்நிலையத்தை அழித்து, தவுலிகங்கையில் கட்டப்பட்டுவந்த தபோவன் மின்திட்டத்தைத் தாக்கியது. 200-க்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களில் பலர் அன்று வேலைக்கு வந்திருந்த தொழிலாளர்கள். சுரங்கப்பாதைக்குள் சிக்கியவர்களும் அவர்களுள் உண்டு. ரிஷிகங்கைக் கரையிலுள்ள ரைணி கிராமம்தான், 1974-இல் கௌரா தேவி தலைமையில் பெண்கள் மரங்களை வெட்டவிடாமல் தடுத்து நின்ற ஊர். இத்தகைய சரிவுகளுக்குக் கீழே, ஒரே நதியில் ஒன்றன்பின் ஒன்றாக மின்திட்டங்களை அமைத்து, நூற்றுக்கணக்கானோரை வேலைக்கு நிறுத்துவது எனக்கு ஏற்புடையதன்று.

கேள்வி: இதற்கெல்லாம் பருவநிலை மாற்றம்தான் காரணமா? மலைகள் எப்போதும் சரிந்துகொண்டுதானே இருந்தன? (வாசகர், மதுரை)

பதில்: எப்போதும் சரிந்தன என்பது சரி. இமயம் இன்னும் உயர்ந்துகொண்டிருக்கும் மலை. நிலநடுக்கமும் செங்குத்துச் சரிவும் அதன் இயல்பு. சமோலியைப் பற்றி ஆராய்ந்தவர்களும், அந்த ஒரு நிகழ்வைப் பருவநிலை மாற்றத்தின் கணக்கில் நேரடியாக எழுதிவிட முடியாது என்றே கூறினார்கள்.

ஆயினும் பனி ஒரு மலைக்கு எவ்வளவு பணிகளைச் செய்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். மிக உயரத்தில் பாறையின் வெடிப்புகளுக்குள் ஆண்டு முழுவதும் உறைந்திருக்கும் நீர், சுண்ணாம்புச் சாந்து கல்லைப் பிடித்திருப்பதைப் போலப் பாறைகளைப் பிடித்து வைத்திருக்கிறது. அது இளகினால் கட்டு தளர்கிறது. பள்ளத்தாக்கை நிரப்பி நிற்கும் பனியாறு இருபுறச் சுவர்களுக்கும் முட்டுக்கொடுக்கிறது. அது மெலிந்தால் முட்டு போய்விடுகிறது. இந்து குஷ் இமயமலைப் பகுதியின் பனியாறுகள் அதற்கு முந்தைய பத்தாண்டைக் காட்டிலும் 2011 முதல் 2020 வரையிலான காலத்தில் 65 விழுக்காடு வேகமாகப் பனியை இழந்தன என்று, காத்மண்டுவிலுள்ள மலைப்பகுதி ஆய்வு மையமான ஐசிமோட் 2023-இல் அறிவித்தது.

முட்டு போவதற்குத் தெளிவான சான்று கிரீன்லாந்தில் கிடைத்தது. 2023 செப்டம்பர் 16 அன்று, டிக்சன் ஃபியோர்டில், அடிவாரத்துப் பனியாறு மெலிந்துபோனதால் தாங்கலை இழந்த ஒரு மலை, 2.5 கோடி கனமீட்டர் பாறையும் பனியுமாக நீரில் சரிந்தது. எழுந்த அலையின் உயரம் 200 மீட்டர். பின்னர் அந்தக் குறுகிய நீர்நிலை தொட்டித் தண்ணீரைப் போல இருபுறமும் தளும்பிக்கொண்டே இருந்ததால், உலகெங்குமுள்ள நிலநடுக்கப் பதிவுக் கருவிகள் ஒன்பது நாட்கள் விடாமல் ஒரே சீரான அதிர்வைப் பதிவு செய்தன. அது என்னவென்று முதலில் யாருக்கும் விளங்கவில்லை.

கேள்வி: 2024-இல் வயநாட்டில் நேர்ந்ததும் இதே வகைதானா? (வாசகர், கூடலூர்)

பதில்: அல்ல. மேற்குத் தொடர்ச்சி மலையில் பனியாறு இல்லை. அங்கே சரிவது, நெடுங்காலம் வெயிலிலும் மழையிலும் சிதைந்த பாறையின்மேல் படர்ந்திருக்கும் தடித்த மண். அதைத் தளர்த்துவது குறுகிய நேரத்தில் கொட்டும் மழை. வெப்பமான காற்று அதிக ஈரத்தைச் சுமக்கும் என்பதால் அந்த மழையின் வலு கூடுகிறது. அந்த வகையில் மட்டும் இரண்டுக்கும் உறவு உண்டு.

கேள்வி: மலை சரியப்போவதை முன்கூட்டியே அறிந்து மக்களைக் காக்க முடியாதா? (வாசகர், சேலம்)

பதில்: சில இடங்களில் முடிந்திருக்கிறது. 2025 மே மாதத்தில் சுவிட்சர்லாந்தின் பிளாட்டன் கிராமத்துக்கு மேலே, மலையிலிருந்து உதிர்ந்த கற்கள் பிர்ச் பனியாற்றின்மேல் குவிந்து அதை அழுத்தின. அசைவுகளைக் கருவிகளால் அளந்துகொண்டிருந்தவர்கள் சுமார் 300 பேரையும் கால்நடைகளையும் முன்னரே வெளியேற்றினார்கள். மே 28 அன்று பனியாறு சரிந்து ஊரின் பெரும்பகுதியை மூடியது, உயிரிழந்தவர் ஒருவர்.

சிக்கிமில் அப்படி நடக்கவில்லை. தெற்கு லோனாக் ஏரி, பனியாறு பின்வாங்கிய பள்ளத்தில் ஆண்டுதோறும் பெருகிவந்த ஏரி. அது ஆபத்தானது என்று ஆய்வாளர்கள் பலமுறை எழுதியிருந்தார்கள். 2023 அக்டோபர் 3 இரவில், பனியாறு ஓரத்தில் ஒதுக்கிவிட்டுப்போன கல்லும் மண்ணுமான கரை ஏரிக்குள் சரிய, எழுந்த அலை முன்கரையை உடைத்தது. சுங்தாங்கில் 1,200 மெகாவாட் திட்டத்துக்காகத் தீஸ்தாவின் குறுக்கே கட்டிய அணை அந்த இரவே போயிற்று. ஏரிக்கும் அணைக்கும் இடையே பல கிலோமீட்டர் தொலைவு இருந்தும் எச்சரிக்கை உரிய நேரத்தில் மக்களைச் சேரவில்லை என்பது என்னை இன்றும் வருத்துகிறது. ஏனெனில், அதை நாம் ஒரு நூற்றாண்டுக்கு முன்பே செய்துகாட்டியிருக்கிறோம்.

1893-இல் இதே சமோலி மலைப்பகுதியில் ஒரு பெருஞ்சரிவு பிரஹி கங்கையை அடைத்து, கோனா என்ற இடத்தில் பெரிய ஏரியை உண்டாக்கியது. அடுத்த ஆண்டு ஆகஸ்டில் நீர் அடைப்பின்மேல் வழியும் என்று பொறியாளர்கள் கணித்து, ஏரியிலிருந்து கீழே ஹரித்துவார் வரை தந்திக் கம்பி இழுத்து, மக்களை மேட்டுக்கு அனுப்பினார்கள். 1894 ஆகஸ்ட் 25 இரவு கரை உடைந்து கட்வாலின் ஸ்ரீநகர் அடித்துச் செல்லப்பட்டது. ஆயினும் மாண்டவர்கள், அகற்றப்பட்ட பிறகும் திரும்பிவந்து தங்கிய ஒரு பக்கிரியின் குடும்பத்தார் மட்டுமே. உடைந்தபின் எஞ்சியிருந்த ஏரியை 1970-இல் அலக்நந்தாப் பகுதியில் பெருகிய வெள்ளம் கல்லாலும் மண்ணாலும் தூர்த்துவிட்டது.