மருத்துவர் பதில்கள்: சினைப்பைக் கட்டியும் சி.ஏ.125 அளவும்

கேள்வி: எனக்கு 38 வயது. கடுமையான மாதவிடாய் வலிக்காக எடுத்த ஸ்கேனில், இடது சினைப்பையில் 6 சென்டிமீட்டர் கட்டி இருப்பது தெரிந்தது. ஒரே அறை கொண்டது, திடப்பகுதி இல்லை, வயிற்றில் நீர் கோக்கவில்லை என்கிறது அறிக்கை. ஆனால் ரத்தத்தில் சி.ஏ.125 அளவு 92. இயல்பு 35 வரைதான் என்று அச்சிட்டிருக்கிறார்கள். இது புற்றுநோயா? ஊசி மூலம் சதை எடுத்து உறுதி செய்ய முடியாதா?

பதில்: சகோதரி, 92 என்ற எண் மட்டும் அதைச் சொல்லிவிடாது. சினைப்பைப் புற்றுநோய் உள்ளவர்களையும் நலமாக இருப்பவர்களையும் ஒப்பிட்டு 1983இல் வெளியான ஆய்விலிருந்து வந்ததே 35 என்ற எல்லை. நலமானவர்களில் 100க்கு ஒருவர்தான் அதைத் தாண்டினார். ஆனால் உங்களைப் போல் கட்டியோடு வருபவரின் நிலை வேறு. சி.ஏ.125 என்பது வயிற்றறையின் உட்சவ்வும் சுரக்கும் புரதம். அச்சவ்வு உறுத்தப்படும் எண்டோமெட்ரியோசிஸ் (கருப்பையின் உட்படலம் போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளர்வது), இடுப்புக்குழித் தொற்று, வயிற்றுக் காசநோய் ஆகியவற்றிலும், கருப்பை நார்க்கட்டியிலும், ஏன், மாதவிலக்கு நாள்களிலும்கூட அது உயரும். மறுபுறம், தொடக்க நிலைப் புற்றுநோயில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அது உயர்வதே இல்லை. வயதையும் மாதவிடாய் நிலையையும் பாராமல் 35ஐ மட்டும் அச்சிட்டுத் தருவது பலரை வீணாகக் கலங்க வைக்கிறது என்பது என் நெடுநாள் வருத்தம்.

இதனால்தான் இந்த எண்ணை ஸ்கேனோடு சேர்த்துப் பெருக்கிப் பார்க்கும் அபாயக் குறியீடு 1990இல் வந்தது. பல அறைகள், திடப்பகுதி, இரு சினைப்பையிலும் கட்டி, வயிற்று நீர், பிற இடங்களில் பரவல் ஆகிய ஐந்தில் ஒன்றுமில்லை என்றால் 0, ஒன்று இருந்தால் 1, அதற்கு மேல் என்றால் 3. மாதவிடாய் நின்றவருக்கு 3, நிற்காதவருக்கு 1. இவற்றை சி.ஏ.125 அளவோடு பெருக்கி வருவது 200ஐத் தாண்டினால் புற்றுநோய் அறுவை வல்லுநரிடம் அனுப்புவது வழக்கம். இதே 92, மாதவிடாய் நின்ற, திடப்பகுதியும் வயிற்று நீரும் உள்ள ஒருவருக்கு 828 ஆகிவிடும், உங்களுக்கோ 0. அதற்காக அபாயமே இல்லை என்று பொருளன்று. ஆனால் வலியோடு சேர்த்துப் பார்க்கையில் எண்டோமெட்ரியோசிஸ் கட்டியையே நான் முதலில் எண்ணுவேன்.

எச்.இ.4 என்ற புரதம் எண்டோமெட்ரியோசிஸில் பெரும்பாலும் உயராது என்பதால், அதையும் பார்க்கலாமா என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். சிறுநீரகக் கோளாறிலும் புகைபிடிப்பவரிடமும் அது உயரும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும். கட்டியில் திடப்பகுதி இருந்து வயதும் 40க்குள் என்றால், கருவணுக் கட்டிகளுக்காக (கருமுட்டையாகும் செல்களில் தோன்றும் கட்டிகள்) ஏ.எஃப்.பி., எச்.சி.ஜி., எல்.டி.எச். என்ற ரத்தப் பரிசோதனைகளையும் பார்ப்போம்.

ஊசி வேண்டாம். ஒருவேளை அது புற்றுநோயாக இருந்தால், சினைப்பைக்குள் அடங்கியிருக்கும் செல்கள் துளை வழியே வயிற்றறையில் சிந்தி, நோயின் நிலையையே உயர்த்திவிடக்கூடும். அறுவை தேவைப்பட்டால் கட்டியை உடையாமல் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே முறை. அதற்குமுன், மாதவிலக்கு முடிந்த பிறகு ரத்தப் பரிசோதனையை மீண்டும் செய்து, இரண்டு அறிக்கைகளையும் ஸ்கேன் படங்களையும் மகளிர் நோய் மருத்துவரிடம் கொண்டு செல்லுங்கள்.