இந்தியாவில் கிரிக்கெட்டைத் தவிர வேறு எந்த ஆட்டத்துக்காவது லட்சம் பேர் திரண்டதுண்டா?

உண்டு. 1997 ஜூலை 13, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம். ஃபெடரேஷன் கோப்பைக் கால்பந்து அரையிறுதியில் கொல்கத்தாவின் இரண்டு பரம எதிரி அணிகளான ஈஸ்ட் பெங்காலும் மோகன் பகானும் மோதின. வந்தவர்கள் 1,31,781 பேர். அவர்களில் நானும் ஒருவன்.

நீங்கள் கேட்கிற விதத்தைப் பார்த்தால், கால்பந்து என்றாலே ராத்திரி டிவியில் வரும் ஐரோப்பிய ஆட்டம்தான் என்று நினைப்பவர் போலத் தெரிகிறது. நான் கொல்கத்தாவில் லேக் மார்க்கெட் பக்கம் வளர்ந்த தமிழன். எங்கள் பக்கத்து வீட்டுத் தாத்தா பிரிவினையின்போது கிழக்கு வங்காளத்தின், அதாவது இன்றைய வங்கதேசத்தின், பரிசாலிலிருந்து கையில் ஒன்றுமில்லாமல் வந்தவர். அவரைப் போன்றவர்களுக்கு ஈஸ்ட் பெங்கால் என்பது விட்டுவந்த ஊரின் பெயர். அவர் மடியில் உட்கார்ந்து ரேடியோவில் வர்ணனை கேட்டவன் வேறு எந்தக் கட்சியில் சேர முடியும்?

அந்த வருஷம் மோகன் பகான் பயிற்சியாளர் அமல் தத்தா 'டைமண்ட்' என்றொரு வியூகம் வகுத்திருந்தார். அந்த அணி கோல்களை அள்ளிக் குவித்துக்கொண்டு வந்தது. ஆட்டத்துக்கு முன்பே எங்கள் ஆட்களுக்குக் கேலிப் பெயர் வைத்தார். சாமி ஓமோலோவை ஆம்லெட் என்றார். எங்கள் பயிற்சியாளர் பி.கே. பானர்ஜி, 1962 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர். அந்தப் பேச்சையே எடுத்துத் தன் பையன்களுக்கு ரோஷம் ஏற்றினார்.

எங்கள் முதல் கோல் நஸிமுல் ஹக். அடுத்தது சிக்கிமிலிருந்து வந்த பைச்சுங் பூட்டியா, அப்போது 20 வயது. மோகன் பகானுக்கு சீமா ஒகோரி ஒன்றைத் திருப்பினார். எதிர்ப்பக்க கேலரி எழுந்து கத்தியதில் எனக்கு வயிற்றைக் கலக்கியது. அப்புறம் பைச்சுங் இன்னும் இரண்டு. 4-1. முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார். நானும் அழுதேன், அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

மோகன் பகான்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம். 1911இல் ஒருவர் தவிர மற்றவர்கள் வெறுங்காலோடு ஆடி வெள்ளைக்காரப் பட்டாளத்தைத் தோற்கடித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டு கோப்பையை வாங்கியது உங்கள் அணிதான். 2009இல் சிடி எடே நான்கு கோல் போட்டு எங்களை 5-3 என்று சாய்த்ததையும் மறைக்கவில்லை. 97 இறுதி ஆட்டத்தில் நாங்கள் சல்காவ்கரிடம் தோற்றதும் உண்மை. கிரிக்கெட்டையும் நான் குறைத்துப் பேசவில்லை, ஈடன் கார்டனிலும் லட்சம் பேரைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அங்கே எல்லோரும் ஒரே பக்கம். இங்கே ஒரே தெரு, ஒரே ஆபீஸ், சில வீடுகளில் ஒரே குடும்பம் இரண்டாகப் பிரிந்து உட்காரும்.

அப்படிப் பந்தோடு வளர்ந்த நான் இப்போது சென்னையில் இருக்கும் அடுக்ககத்தில் 'பந்து விளையாடக் கூடாது' என்று போர்டு மாட்டியிருக்கிறார்கள். கார் கண்ணாடி உடையுமாம். சாயந்திரம் பையன்கள் படிக்கட்டில் உட்கார்ந்து போனைத் தேய்க்கிறார்கள். சங்கக் கூட்டத்தில் கேட்டேன், பார்க்கிங் போதவில்லை என்று பதில் வந்தது. இரண்டு கார் வைத்திருப்பவர் ஒன்றை வெளியே நிறுத்தினால் என்ன? குழந்தைகளுக்கு அந்த இடம்கூடக் கிடையாதா?

சால்ட் லேக்கில் அன்று நாங்கள் உட்கார்ந்த சிமெண்ட் படிகள் இப்போது இல்லை. 2017 இளையோர் உலகக் கோப்பைக்காக நாற்காலி போட்டுவிட்டார்கள், அவ்வளவு பேர் இனி கொள்ளாது. இருந்தாலும் இந்த இரண்டு அணிகளும் மோதும் டெர்பி நாளில் ஒருமுறை போய்ப் பாருங்கள். எங்கள் நிறமான சிவப்பும் மஞ்சளும் இருக்கிற பக்கமாக டிக்கெட் எடுங்கள்.