காட்டேரி குடித்த இரத்தம்

கேள்வி: இரத்தத்தை மட்டும் குடித்து ஓர் உயிர் வாழ முடியுமா? எங்கள் தோட்டத்தில் பிள்ளைத்தாய்ச்சியின் இரத்தத்தைக் காட்டேரி குடிக்கும் என்கிறார்களே, உண்மையா?
(வாசகர், ஹட்டன்)

பதில்: உங்கள் ‘மட்டும்’ என்னைப் பிடித்துக்கொண்டது. இரத்தத்தில் ஏறக்குறைய ஐந்தில் நான்கு பங்கு நீர். எஞ்சியதில் பெரும்பகுதி புரதம். கொழுப்பும் மாச்சத்தும் சொற்பமாதலால் அதை உண்டு உடம்பில் சேமிப்பது அரிது. மெக்சிக்கோ முதல் ஆர்ஜென்டினா வரை வாழும் மூன்று இன வௌவால்கள் இரத்தத்தை மட்டுமே குடித்துப் பிழைக்கின்றன. இரண்டு மூன்று இரவுகள் இரை தவறினால் இறந்துவிடும் என்பதால், வயிறு நிறைந்தது பசித்ததற்குக் கக்கி ஊட்டும். இலங்கையில் அவை இல்லை. இங்குள்ள பெருங்காது வௌவால் பூச்சியும் தவளையும் எலியும் தின்பது. அதைக் கல்லால் அடிக்க வேண்டாம்.

காட்டேரிக்குக் கோழி அறுத்துப் படைத்த நம் பாட்டிமாரை நான் இகழமாட்டேன். பிள்ளைத்தாய்ச்சி வெளிறி, மேட்டில் ஏற மூச்சு வாங்கி, பிரசவத்தில் மடிந்ததை அவர்கள் கண்ணால் கண்டார்கள். இரத்தம் குறைந்ததும் உண்மை. குடித்தவற்றுள் ஒன்று கொழுக்கிப்புழு. மலம் கலந்த ஈரமண்ணில் வளரும் அதன் குடம்பி (இளம்புழு), வெறுங்காலின் தோலைத் துளைத்து, நுரையீரல் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலில் பற்றிக்கொள்கிறது. இனத்துக்கேற்ப ஒரு புழுவால் நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மில்லிலீட்டர் வரை இரத்தம் போகும்; நூறு புழுக்கள் இருந்தால் மாதக்கணக்கில் அது எவ்வளவு என்று நீங்களே பெருக்கிப் பாருங்கள். கொழுந்துக்கூடை சுமந்து, வயிற்றில் பிள்ளையையும் சுமந்தவளிடமிருந்து போன இரத்தம் அது.

கழிப்பறையைப் பற்றி மறுபடியும் எழுதுகிறேனே என்று சலித்துக்கொள்ளும் வாசகர்கள் இதையும் படிக்கட்டும். அமெரிக்காவின் றொக்பெல்லர் அறக்கட்டளையினர் 1916இல் இலங்கைத் தோட்டங்களில் கொழுக்கிப்புழு ஒழிப்பைத் தொடங்கியபோது, தொழிலாளருக்கு மருந்து கொடுப்பதைத் துரைமார் ஏற்றார்கள். தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குக் கழிப்பறை கட்டும் செலவுக்குத்தான் தயங்கினார்கள். மருந்தில் புழு வெளியேறியது. மண் மாறாததால் அதே கால்களின் வழியாகத் திரும்பி வந்தது. அந்தக் கணக்கை இன்னும் தீர்க்காத தோட்டங்கள் உண்டு என்பதால் நான் எழுதுவதை நிறுத்தப்போவதில்லை.

உங்கள் வீட்டில் பிள்ளைத்தாய்ச்சி இருந்தால், காட்டேரிக்குப் படைப்பதோடு மருத்துவமாதுவையும் பார்க்கச் சொல்லுங்கள். அவர் கொடுக்கும் பூச்சி மருந்தையும் இரும்புச்சத்துக் குளிசையையும் தவறவிடக் கூடாது. அந்தக் குளிசையைத் தேத்தண்ணீரோடு விழுங்க வேண்டாம். தேயிலையிலுள்ள தனின் இரும்பை உடம்பில் சேரவிடாது.