பெரியவர் நினைவாகப் பேத்திக்குப் பெயர்: கேள்வி பதில்

வீட்டுப் பெரியவர் நினைவாகப் பெண் குழந்தைக்குப் பெயர் வைக்க வேண்டும், வகுப்பில் நாலு பேருக்கு இருக்கிற பெயராகவும் இருக்கக் கூடாது. இப்படிக் கேட்டவர்களுக்கு ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர் சொன்ன பதில்கள்.

கரூரிலிருந்து ஓர் அப்பா: டீச்சர், என்னை வளர்த்தது அப்பாயிதான். பெயர் குப்பம்மாள். மகளுக்கு அதையே வைக்க ஆசை. பள்ளிக்கூடத்தில் பிள்ளையைக் கிண்டல் பண்ணியே அழ வைத்துவிடுவார்கள் என்கிறாள் மனைவி.

மனைவி சொல்வது சரி தம்பி. ஆனால் அந்தப் பெயர் எப்படி வந்தது என்று முதலில் வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்காமல் போன வீட்டில், அடுத்துப் பிறந்ததைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பம்மாள், குப்புசாமி என்று பெயர் வைப்பார்கள். யாருக்கும் வேண்டாத பிள்ளை இது, எமனே நீயும் விட்டுவிடு என்று அர்த்தம். மூக்குக் குத்தி மூக்காயி என்று வைத்ததும், பிச்சையெடுத்து வந்த காசில் பிச்சையம்மாள் என்று வைத்ததும் இதே பயத்தில்தான்.

ஆகவே பெயரை விட்டுவிட்டு, அதை வைத்த தாயின் வேண்டுதலை எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை சாகாமல் இருக்க வேண்டும் என்பதுதானே அது? அமுதவல்லி என்று வைக்கலாம், சின்னதாக வேண்டுமென்றால் அமுதினி. எந்தக் கோயிலில் வேண்டிக்கொண்டார்கள் என்று யாருக்காவது ஞாபகம் இருந்தால், அந்த அம்மன் பெயர் இன்னும் நெருக்கம். வீட்டுக்குள் நீங்கள் 'குப்பு' என்று கூப்பிட்டால் யார் தடுக்கப் போகிறார்கள்?

மதுரையிலிருந்து ஒருவர்: காலமான என் அப்பா பெயர் சொக்கலிங்கம். பிறந்திருப்பது மகள். ஒரு ஜோதிடர் 'சொக்லிகா' என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். அப்பாவே எழுந்து வந்தாலும் அது தன் பெயர் என்று அவருக்குத் தெரியாது.

ஆண் பெயரைப் பெண்ணுக்குக் கொண்டுவர நம் ஊரில் நல்ல வழி ஒன்று இருக்கிறது. தாத்தா எந்த ஊர்ச் சாமியின் பெயரைத் தாங்கியவரோ, அந்த ஊர் அம்மன் பெயரைப் பேத்திக்கு வைப்பது. சொக்கருக்குப் பக்கத்தில் மீனாட்சி. மீனாட்சிகள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள் என்றால் அங்கயற்கண்ணி இருக்கிறது. சம்பந்தர் தேவாரத்திலேயே வருகிற பெயர். வீட்டில் கயல் என்று கூப்பிடலாம்.

மற்றவர்களுக்கும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். தாத்தா நெல்லையப்பன் என்றால் காந்திமதி. சங்கரலிங்கம் என்றால் சங்கரன்கோவில் கோமதி. வைத்தியநாதன் என்றால் வைத்தீஸ்வரன்கோயில் தையல்நாயகி. திருச்சித் தாயுமானவர் என்றால் மட்டுவார்குழலி, சுருக்கமாகக் குழலி. குற்றாலநாதன் என்றால் குழல்வாய்மொழி. இந்தக் கடைசிப் பெயரை இன்றைக்கு யாரும் வைக்காதது எனக்குப் பெரிய வருத்தம். அருணாசலம் மட்டும் கொஞ்சம் சிக்கல். திருவண்ணாமலை அம்மன் உண்ணாமுலை, பள்ளிக்கூடத்தில் பிள்ளை தவித்துப்போகும். அதே அம்மனின் அபீதகுஜாம்பாள் என்ற பெயரைச் சுருக்கி அபிதா என்று வைத்துக்கொள்ளலாம்.

டொராண்டோவிலிருந்து ஓர் அம்மா: என்ட அப்பம்மா யாழ்ப்பாணம், பெயர் பொன்னம்மா. பிள்ளையின்ட பெயரை இங்க உள்ள ரீச்சர்மாரும் பிழையில்லாமல் சொல்ல வேணும்.

பொன்னி. ழகரம் இல்லை, நீட்டவும் வேண்டாம், யார் வாயிலும் உடையாது. காவிரிக்கும் அதுதான் பெயர். தமிழ்நாட்டு உறவினர்கள் அரிசி என்று ஒருமுறை சிரிப்பார்கள், அப்புறம் பழகிவிடும். பொன்மலர், பொன்மணி எல்லாம் அழகுதான், ஆனால் அங்கே பாதியை வெட்டிவிட்டுத்தான் கூப்பிடுவார்கள்.

சேலத்திலிருந்து ஒரு மருமகள்: என் அம்மாவின் பெயரை மகளுக்கு வைக்கலாம் என்று இருக்கிறேன். பெண் வழிப் பெயர் வைப்பது வழக்கமே இல்லை என்கிறார் மாமியார்.

யார் வீட்டு வழக்கம்? ராஜராஜ சோழன் தன் அக்கா குந்தவையின் பெயரை மகளுக்கு வைத்தான். அந்த மகள் ஆந்திரப் பக்கத்து வேங்கி நாட்டுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனாள். அவள் பிள்ளைக்கு வந்தது அம்மா வழித் தாத்தா பெயர்: ராஜராஜ நரேந்திரன். அந்த நரேந்திரன் ராஜேந்திர சோழனின் மகளைக் கட்டினான். அவர்கள் மகனுக்கும் தாய்வழித் தாத்தா பெயர்தான், ராஜேந்திரன். 1070-இல் சோழ நாட்டுக்கே அரசனாகி முதலாம் குலோத்துங்கன் ஆனவன் அவன்தான். இதை மாமியாரிடம் வாதமாக வைக்காதீர்கள், சாப்பிடும்போது கதையாகச் சொல்லுங்கள். அவர் பெயரையும் சேர்த்து இரண்டு சொல்லாக வைத்தாலும் நல்லதே. ஆனால் இரண்டு பாட்டி பெயரையும் வெட்டி ஒட்டி ஒரு பெயராக்க வேண்டாம். இரண்டு பேருமே அதில் இருக்க மாட்டார்கள்.

பெயர் சொல்ல விரும்பாதவர்: மாமியார் பெயரை மகளுக்கு வைத்தாயிற்று. இப்போது பிள்ளையைத் திட்டவே முடியவில்லை!

இதற்காகத்தான் அந்தக் காலத்தில் கூப்பிட ஒரு பெயர் தனியாக வைத்தார்கள். பாப்பா, ராசாத்தி, எதுவோ ஒன்று. திட்டுவதற்கு அதை எடுத்துக்கொள்ளுங்கள்.

திருச்சியிலிருந்து ஒருவர்: சின்ன வயதில் இறந்த என் தங்கையின் பெயரை மகளுக்கு வைக்கலாமா? ராசியில்லை என்கிறார்கள்.

உங்கள் அம்மா இருக்கிறாரா? இருந்தால் அவரிடம் மட்டும் கேளுங்கள், மற்றவர்கள் பேச்சு வேண்டாம். அந்தப் பெயரைத் தினமும் கூப்பிட வேண்டியவர் அவர். சிலருக்கு அது ஆறுதல், சிலருக்குத் தாங்காது. தயங்கினார் என்றால், தங்கைக்குப் பிடித்த பூவோ ராகமோ பெயராகட்டும்.

விருதுநகரிலிருந்து ஓர் அம்மா: பாட்டி பெயர் மல்லிகா. சங்க இலக்கியத்திலிருந்து அதே பூவாகக் கிடைக்குமா?

கபிலர் குறிஞ்சிப்பாட்டில் அடுக்குகிற 99 பூக்களில் முல்லையும் மௌவலும் இருக்கின்றன. மௌவலைக் காட்டு மல்லிகை என்பார்கள். என் ஓட்டு அதற்குத்தான். அதே பட்டியலில் குளவி என்று இன்னொரு காட்டு மல்லிகையும் உண்டு. தயவுசெய்து அதை வைத்துவிடாதீர்கள், கொட்டும்.

செங்கல்பட்டிலிருந்து ஒருவர்: பெயர் இல்லாமலேயே பிறப்பைப் பதிந்துவிட்டோம். இன்னும் எவ்வளவு நாள் இழுக்கலாம்?

21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பைத்தான். பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்கப்புறம் தாமதக் கட்டணம் கட்டி 15 ஆண்டு வரை. ஆனால் 2023 அக்டோபர் 1 முதல் பிறந்த குழந்தைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, பாஸ்போர்ட் என்று எல்லாவற்றுக்கும் பிறப்புச் சான்றிதழ்தான் ஆதாரம். அதனால் ரொம்ப இழுக்காதீர்கள். எண்கணிதக்காரர் சொன்னார் என்று ஆங்கிலத்தில் ஓர் எழுத்தைக் கூடப் போடுவதாக இருந்தால் அதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். சான்றிதழில் ஒன்று, ஆதாரில் ஒன்று என்றால் திருத்த நீங்கள்தான் அலைய வேண்டும்.